காசு விழுகிறது, கைப்பிடி விடுபடவில்லை: பழைய ஸ்லாட் இயந்திரத்தின் வயரிங் டயகிராமை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

அரசலாற்றங்கரை, கும்பகோணம்

அனைவருக்கும் வணக்கம். என் பெரியப்பா சிங்கப்பூரில் ஒரு மனமகிழ் மன்றத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். அந்த மன்றத்தில் கழித்துப் போட்ட, காசு போட்டுக் கைப்பிடியை இழுத்துச் சூதாடும் ஸ்லாட் இயந்திரம் ஒன்றை 1978-இல் ‘சிதம்பரம்’ கப்பலில் ஏற்றி, நாகப்பட்டினத்தில் இறக்கி, வேளாங்கண்ணிக்குப் பக்கத்தில் இருந்த தம் ஓட்டு வீட்டின் கூடத்தில் வைத்தார். எங்களுக்கு அது ஜாக்பாட் பெட்டி. 2018 நவம்பரில் கஜா புயல் ஓடுகளைத் தூக்கிக்கொண்டு போன இரவில் அதன் தலையிலும் மழை இறங்கியது. சென்ற தை மாதம் வீட்டைப் பிரித்தபோது, பழைய இரும்புக்காரரின் தராசுக்குப் போகவிருந்த அதை மறித்து நான் கும்பகோணத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

‘பாலி’ (Bally) என்ற அமெரிக்க நிறுவனத்தின் 1960-களைச் சேர்ந்த மூன்று சக்கர இயந்திரம். செர்ரி, பிளம், மணி, பார் என்று சக்கரத்துக்கு 20 நிறுத்தங்கள். உள்ளே ஒரு ஐ.சி. (மின்னணுச் சில்லு) கூட இல்லை, ரிலேக்கள் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சுகள்), மோட்டார், பற்சக்கரம், துணி சுற்றிய வயர்கள் ஆகியவையே முழுவதும். பின்கதவின் உட்புறத்தில் நான்காக மடித்த ஒரு டயகிராம் இருந்தது. மடிப்புகளில் கிழிந்திருந்தாலும் எழுத்துகள் தெரிகின்றன. நான் கூட்டுறவு வங்கி ஊழியன். வீட்டு வயரிங் ஓரளவு தெரியும், மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும். இந்தத் தாளைப் பார்த்தால் மட்டும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருக்கிறது.

என் குழப்பத்தைச் சொல்கிறேன். ‘காயின் ரிலே’ என்ற பெயர் தாளில் ஏழு இடங்களில் வருகிறது. பெட்டிக்குள் தேடினால் ஒரே ஒரு ரிலேதான் இருக்கிறது. தாளில் அருகருகே இருக்கும் இரண்டு சுவிட்சுகள், பெட்டிக்குள் ஒன்று மேல்தட்டிலும் மற்றொன்று அடித்தட்டிலும் இருக்கின்றன. வயர்களின் நிறமும் துணை வரவில்லை. பாதிக்கு மேல் ஒரே பழுப்பாகிவிட்டன.

கோளாறு இதுதான். பெரியப்பாவின் பிஸ்கட் டின்னில் வாள்மீன் பொறித்த சிங்கப்பூர் 20 காசுகள் நிறைய இருக்கின்றன. ஒன்றைப் போட்டால், காசு உள்ளே உருண்டு போகும் சத்தமும் அதன்பின் ‘டிக்’ என்று ஒரு ரிலே அடிக்கும் சத்தமும் கேட்கின்றன. ஆனால் கைப்பிடி அசைய மறுக்கிறது. மின்சாரம் கொடுத்ததிலிருந்து உள்ளே ஏதோ ஒன்று மெல்ல முனகிக்கொண்டே இருக்கிறது என்பதைத் தவிர வேறு குறிப்பு என்னிடம் இல்லை. இந்த டயகிராமை எந்த முனையிலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

பழைய சிக்னல், மயிலாடுதுறை

தம்பி, நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்லாட் இயந்திரத்தை நான் பழுது பார்த்ததில்லை. ஆனால் ரிலே அறையில் முப்பது ஆண்டுகள் உட்கார்ந்து எழுந்தவன் என்பதால், நீங்கள் சொல்லும் தாளின் இலக்கணம் எனக்குப் புதிதல்ல.

முதலில், அந்தத் தாளை வீட்டின் வரைபடம் போலப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். எந்த உறுப்பு எங்கே திருகப்பட்டிருக்கிறது என்பதை அது சொல்லாது. எதற்குப் பிறகு எது நடக்கும் என்பதையே சொல்லும். அதனால்தான் ஒரு ரிலேயைப் பிரித்துப் பிரித்து வரைந்திருக்கிறார்கள். காயில் (காந்தமாகும் கம்பிச்சுருள்) ஓரிடத்தில் இருக்கும். அந்தக் காயில் இழுத்தால் சேரவும் பிரியவும் செய்யும் காண்டாக்ட்கள், அவை எந்த வேலையைச் செய்கின்றனவோ அந்தந்த வேலைக்குரிய கோட்டில் போய் உட்கார்ந்திருக்கும். உங்கள் ஏழு இடங்களில் ஒன்று காயில், மற்ற ஆறும் அதன் காண்டாக்ட்கள். பெயர் ஒன்றாக இருந்தால் ஒரே நேரத்தில் அசையும் என்று பொருள். ரயில்வே டயகிராமிலும் இதுவேதான் முறை. 24 வோல்ட் ரிலே ஒன்றின் காயில் முதல் தாளிலும் அதன் காண்டாக்ட் பதினோராம் தாளிலும் இருக்கும். தாளின் ஓரங்களில் எழுத்தும் எண்ணும் கட்டம் கட்டி இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் எந்த ரிலேயின் காண்டாக்ட் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற பட்டியலும் எங்காவது ஒரு மூலையில் இருக்கும்.

அடுத்தது, எல்லோரும் படிக்காமல் தாண்டிப் போகும் ஒரு வரி. தாளின் அடியில் பொடி எழுத்தில், இயந்திரம் எந்த நிலையில் இருப்பதாகக் கொண்டு இந்தப் படம் வரையப்பட்டது என்று எழுதியிருப்பார்கள்: காசு போடவில்லை, கைப்பிடி மேலே இருக்கிறது, மோட்டார் தன் தொடக்க இடத்தில் நிற்கிறது என்பது போல. படத்தில் சேர்ந்திருப்பதாகக் காட்டிய ஒவ்வொரு காண்டாக்டும் அந்த நிலையில் மட்டுமே சேர்ந்திருக்கும். காண்டாக்டுக்குப் பக்கத்தில் ஏ, பி, சி என்று எழுத்துகள் இருந்தால், ஏ என்பது ரிலே இழுக்கும்போது சேர்வது, பி என்பது இழுக்கும்போது பிரிவது, சி என்பது ஒரு பக்கத்தை விட்டு மறுபக்கத்துக்குத் தாவுவது.

மூன்றாவது, படிக்கும் முறை. கடைத்தெருவில் பெரிய தாளில் நகல் எடுத்துத் தரும் கடை ஒன்றில் கொடுத்து, கிழிசல்களை ஒட்டி, நான்கைந்து நகல்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிடுங்கள். பிறகு ஒரு கலர் பென்சிலை எடுத்து, டிரான்ஸ்பார்மரின் ஒரு முனையிலிருந்து தொடங்கி, காசு சுவிட்ச் வழியாகக் காயின் ரிலேயின் காயில் வரைக்கும் போய், மறுமுனைக்குத் திரும்பி வந்து சேருங்கள். அது ஒரு கோடு. இப்போது காயின் ரிலே இழுத்துவிட்டதாக எண்ணிக்கொண்டு, அதன் ஆறு காண்டாக்ட்களையும் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றும் எந்தக் காயிலுக்கு வழி திறக்கிறது என்று வேறு நிறத்தில் வரையுங்கள். அவற்றுள் ஒன்று கைப்பிடியின் பூட்டை விடுவிக்கும் காயிலுக்குப் போக வேண்டும். ஒரு காசின் பயணத்தை மட்டும் பின்தொடருங்கள். முழுத் தாளையும் ஒரே நாளில் விழுங்கப் பார்த்தால் எனக்கும் தலை சுற்றும்.

இவ்வளவு ரிலேக்கள் எதற்கு என்று தோன்றலாம். அதற்கு முந்தைய இயந்திரங்களில் பெரும்பாலும் வில்லும் பல்லும்தான். 1963-இல் இதே பாலி நிறுவனத்தின் ‘மணி ஹனி’ வந்தபோதுதான், அடியில் ஒரு தொட்டியும் அதற்கு ஒரு மோட்டாரும் வைத்து, ஆள் துணையில்லாமல் 500 காசுகள் வரை தானாகவே கொட்டும்படி செய்தார்கள். எத்தனை காசு கொட்டியது, எப்போது நிறுத்துவது என்று எண்ணிச் சொல்ல ஏதாவது வேண்டுமல்லவா? அந்தக் கணக்குப்பிள்ளை வேலையைத்தான் ரிலேக்கள் செய்கின்றன. உங்களுடையது அந்த வம்சம்.

குடமுருட்டி, பாபநாசம்

இவ்வளவு சிரமம் தேவைதானா? பழைய வயர்கள் அனைத்தையும் பிடுங்கி எறிந்துவிட்டு ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை ஒன்றை வைத்து, சக்கரங்களுக்கு ஸ்டெப்பர் மோட்டார் போட்டால் இரண்டு வாரத்தில் ஓடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடே தெரியாது.

பழைய சிக்னல், மயிலாடுதுறை

ஓடும், மறுக்கவில்லை. ஆனால் அப்போது அவர் பெரியப்பாவின் இயந்திரம் இருக்காது, அதன் பெட்டிதான் மிஞ்சும். புதிதாகச் செய்ய விரும்புகிறவர் புதிய பெட்டியிலேயே செய்யலாமே.

காயில் கடை, மன்னார்குடி

ஐயா சொன்ன முறைக்கு மேல் டயகிராம் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. மின்சாரம் கொடுக்கும் பக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன்; முனகல் என்று படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அண்ணா, இயந்திரத்தின் தகட்டில் எத்தனை வோல்ட், எத்தனை சைக்கிள் (ஹெர்ட்ஸ்) என்று எழுதியிருக்கிறது? இப்போது எதன் வழியாகக் கொடுக்கிறீர்கள்?

அரசலாற்றங்கரை, கும்பகோணம்

தகட்டில் 115 வோல்ட், 60 சைக்கிள் என்று இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து கூடவே வந்த கனமான டிரான்ஸ்பார்மரை வீட்டில் யாரோ எடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் கடையில் வாங்கிய 230-க்கு 110 ஸ்டெப்-டவுன் ஒன்றைப் பயன்படுத்துகிறேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் விடுவதில்லை. இயந்திரத்தின் உள்ளே சூட்டு வாடை வருகிறது.

காயில் கடை, மன்னார்குடி

இனி ஐந்து நொடிகூட விடாதீர்கள் அண்ணா.

நம் மின்சாரம் 50 சைக்கிள். 60 சைக்கிளுக்காகச் சுற்றிய இரும்புக்கு அதே 115 வோல்ட்டை 50-இல் கொடுத்தால், அதன் காந்தப் பாய்வு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். இரும்பு நிரம்பி, காயில் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும். சைக்கிள் எந்த அளவு குறைகிறதோ வோல்ட்டையும் அந்த அளவு குறைக்க வேண்டும். 115-ஐ 50-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 96. அந்த 96-க்கு இறக்கினால் ரிலே, சாலினாய்டு (நெம்புகோல்களை இழுக்கும் மின்காந்தம்) ஆகியவற்றின் இழுவை குறையாது. சைக்கிள் குறைந்ததால் காயிலின் எதிர்ப்பும் குறைந்து, மின்னோட்டம் பழைய அளவிலேயே நிற்கும். விளக்குகள் மட்டும் சற்று மங்கும், மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் சுற்றும். இரண்டையும் பொறுத்துக்கொள்ளலாம்.

இதைச் செய்ய எளிய வழி ஒன்று உண்டு. முதலில், வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்ஸ்டாட் ஒன்று. அதை 200 வோல்ட்டில் வையுங்கள். அதற்குப் பிறகு, முதல் சுற்றும் இரண்டாம் சுற்றும் தனித்தனியாக இருக்கும் 230-க்கு 110 டிரான்ஸ்பார்மர். மறுபக்கத்தில் 96 வந்துவிடும். கடைகளில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் ஒரே சுற்றில் நடுவில் முனை எடுத்தவை. அவற்றில் நியூட்ரல் மாறிவிட்டால் இயந்திரத்தின் உள்வயர் 230 வோல்ட் வரை ஏறி மிதக்கும். பிளக் இரண்டு முனையாக இருந்தால் அதையும் மாற்றி, மூன்று கம்பி வயர் போட்டு, இரும்புச் சட்டத்துக்கு எர்த் கொடுங்கள். முதன்முறை கொடுக்கும்போது வரிசையில் ஒரு 100 வாட் குண்டு பல்பை வைத்துக்கொள்ளுங்கள். பல்பு முழுப் பிரகாசத்துடன் எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட் என்று தெரிந்துவிடும்.

இனி முனகல். பம்ப்செட் மோட்டார் இறுகிப்போய்ச் சுற்ற முடியாமல் நிற்கும்போது எழும் அதே சத்தம்தான் அது என்று நினைக்கிறேன். அந்தக் கேம் மோட்டாரை, அதாவது மேடுபள்ளமுள்ள சக்கரங்களைச் சுழற்றிச் சுவிட்சுகளை வரிசையாக இயக்கும் மோட்டாரை, தொட்டுப் பாருங்கள், மின்சாரத்தை நிறுத்திய பிறகு. சூடாக இருந்தால் அது சுற்ற முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறது.

கைப்பிடிப் பிரச்சினைக்கும் நம் வயலில் ஓர் உதாரணம் உண்டு. பம்ப்செட் ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அழுத்திக் கையை எடுத்துவிட்டாலும் மோட்டார் ஓடுகிறதே, எப்படி? நோ-வோல்ட் காயில் இழுத்தவுடன் அதன் சொந்தக் காண்டாக்ட் ஒன்று சேர்ந்து, பொத்தானுக்கு இணையாக நின்று, காயிலுக்குத் தொடர்ந்து மின்சாரம் கொடுக்கிறது. அந்தக் காண்டாக்டில் எறும்பு புகுந்துவிட்டால் அழுத்தும்வரை ஓடும், கையை எடுத்தால் நின்றுவிடும். உங்கள் இயந்திரத்தில் காசு என்பது பச்சைப் பொத்தான். காசு சுவிட்சைத் தொட்டுவிட்டு ஒரு நொடிக்குள் போய்விடுகிறது. ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம்தானா, அல்லது ‘டிக்-டிக்’ என்று இரண்டா? ஒன்று என்றால் ரிலே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு என்றால் இழுத்து, உடனே விட்டுவிடுகிறது.

அரசலாற்றங்கரை, கும்பகோணம்

நீங்கள் கேட்ட பிறகுதான் காது கொடுத்துக் கேட்டேன். டிம்மர்ஸ்டாட் ஒன்றை இரவல் வாங்கி, நீங்கள் சொன்னபடி தனிச் சுற்று டிரான்ஸ்பார்மரோடு இணைத்து, பல்பையும் வரிசையில் வைத்து, ஒரு காசு போட்டு உடனே நிறுத்தினேன். இரண்டு சத்தங்கள். ரிலே பிடித்துக்கொள்ளவில்லை.

நகலில் பச்சைப் பென்சிலால் தேடியபோது, காயின் ரிலேயின் காயிலுக்கு இரண்டாவது வழி ஒன்று இருப்பது தெரிந்தது. அந்த வழியில் காயின் ரிலேயின் சொந்தக் காண்டாக்ட் ஒன்றும், அதற்குப் பின் ‘கேம் 3’ என்ற சுவிட்சும் வரிசையாக இருக்கின்றன. இதுதான் ஸ்டார்ட்டர் உதாரணத்தில் வரும் வழி என்று புரிந்தபோது மிகவும் மகிழ்ந்தேன். ஆனால் மீட்டரை வைத்தால் எங்கே தொட்டாலும் ‘பீப்’ என்கிறது. நல்ல காண்டாக்டுக்கும் பீப், விரலால் பிரித்துப் பிடித்த காண்டாக்டுக்கும் பீப்.

பழைய சிக்னல், மயிலாடுதுறை

மீட்டரை நொந்துகொள்ள வேண்டாம். டிரான்ஸ்பார்மரின் சுற்றும் 6.3 வோல்ட் விளக்கின் இழையும் குளிர்ந்த நிலையில் சில ஓம்கள்தான் இருக்கும். மீட்டர் அவற்றின் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து ‘பீப்’ என்கிறது. பிளக்கைப் பிடுங்கி, பியூஸ்களையும் கழற்றிவிட்டு, சோதிக்கும் சுவிட்சின் ஒரு பக்க வயரை எடுத்துவிட்டு அளந்தால் உண்மை தெரியும். ஈயத்தை உருக்கி வயரை எடுக்க மனமில்லையென்றால், அதே வழியில் உள்ள மற்றொரு காண்டாக்டின் இடையில் ஒரு காகிதத் துண்டைச் செருகி வழியை அடைத்துவிட்டு அளக்கலாம்.

காண்டாக்ட்களை உப்புத்தாள் கொண்டு தேய்க்காதீர்கள். வெள்ளிப் பூச்சு போய்விட்டால் ஆறு மாதத்தில் கடற்காற்று தன் வேலையைக் காட்டும். கல்யாணப் பத்திரிகை அட்டையின் வழவழப்பில்லாத பக்கத்தை நறுக்கி, காண்டாக்ட்களுக்கு இடையில் வைத்து மெல்ல அழுத்தி இழுங்கள். அட்டையில் கறுப்புக் கோடு விழுவது நின்றால் போதும்.

நிறம் மங்கிய வயர்களுக்கும் ஒரு வழி உண்டு. கட்டுநூல் சுற்றியிருக்கும் இடத்துக்கு அடியிலும், பிளக்கின் உள்ளே வயர் நுழையும் அரை அங்குலத்திலும் வெளிச்சம் பட்டிருக்காது. அங்கே அசல் நிறமும், அதன் மேல் ஓடும் மெல்லிய இரண்டாவது நிறக் கோடும் தெரியும்.

அரசலாற்றங்கரை, கும்பகோணம்

செய்து பார்த்துவிட்டேன் ஐயா. ரிலேயின் சொந்தக் காண்டாக்டில் பச்சைக் களிம்பு இருந்தது. அட்டையால் துடைத்த பின் கையால் அழுத்தினால் 0.2 ஓம் காட்டுகிறது. குற்றவாளி ‘கேம் 3’ என்று நினைக்கிறேன். டயகிராமில் அது சேர்ந்திருப்பதாக வரைந்திருக்கிறது; பெட்டிக்குள் பிரிந்திருக்கிறது, இடைவெளி கண்ணுக்கே தெரிகிறது. அதன் தகட்டைக் குறடால் சற்று வளைத்துச் சேர்த்துவிடலாமா?

பழைய சிக்னல், மயிலாடுதுறை

குறடைக் கீழே வையுங்கள் தம்பி.

முன்பு சொன்ன பொடி எழுத்து வரியை மறுபடியும் படியுங்கள். மோட்டார் தொடக்க இடத்தில் நிற்கும்போதுதான் ‘கேம் 3’ சேர்ந்திருக்கும் என்கிறது தாள். உங்கள் மோட்டார் தொடக்க இடத்தில் நிற்கிறது என்று யார் சொன்னார்கள்? தாளின் ஒரு மூலையில் கேம்களுக்கான பட்டைப் படம் ஒன்று இருக்கும். ஒரு முழுச் சுற்றில் எந்தச் சுவிட்ச் எந்த இடத்தில் சேர்கிறது, எந்த இடத்தில் பிரிகிறது என்று கறுப்புப் பட்டைகளாகக் காட்டியிருப்பார்கள். ‘கேம் 3’ எங்கே பிரிகிறது என்று பாருங்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் பிரிந்து, ரிலேயை விடுவித்து, பிறகு மறுபடியும் சேர்வதாக இருக்கும் என்பது என் ஊகம். ஸ்டார்ட்டரின் சிவப்புப் பொத்தான் வேலையை அது செய்கிறது.

அப்படியானால் அந்தச் சுவிட்சில் குற்றமில்லை. மோட்டார் வீடு வந்து சேராமல் வாசலிலேயே நிற்கிறது. மன்னார்குடிக்காரர் சொன்ன முனகலும் அதுதான். தகட்டை வளைத்திருந்தால் ரிலே பிடித்துக்கொண்டிருக்கும், கைப்பிடியும் விடுபட்டிருக்கும். ஆனால் அதற்குப் பிறகு எந்த ஆட்டமும் முடியாது. அப்போது இல்லாத ஒரு கோளாறை டயகிராமில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

காயில் கடை, மன்னார்குடி

அண்ணா, கியர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஐம்பது ஆண்டு கிரீஸ் வெல்லப்பாகு முற்றியது போல ஆகியிருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, துடைத்து, புது கிரீஸ் மிகக் குறைவாக வையுங்கள். மோட்டாரின் இரு முனைப் புஷ்களுக்கும் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. காண்டாக்ட் பக்கம் எண்ணெய் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் காயில் கருகியிருந்தால் அனுப்பி வையுங்கள், கட்டித் தருகிறேன். மற்ற காயில்களையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் காகித ஒட்டில் 26-1200 என்பது போல எண்கள் இருந்தால் முதல் எண் கம்பியின் கேஜ் (தடிமன் எண்), அடுத்தது சுற்றுகளின் எண்ணிக்கை. அது அமெரிக்கக் கேஜ் என்பதைக் காயில் கட்டுபவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அவர்களுடைய 26 என்பது 0.40 மில்லிமீட்டர், நம் கடைகளில் 26 என்று கேட்டால் 0.46 கிடைக்கும். 1200 சுற்று உருளைக்குள் அடங்காது. நம் 27-தான் அதற்கு நெருக்கம்.

அரசலாற்றங்கரை, கும்பகோணம்

ஒரு வாரம் தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். வங்கியில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம்.

பட்டைப் படம் இடது மேல் மூலையில் இருந்தது. அதை இத்தனை நாளும் ஏதோ அளவுகோல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐயா சொன்னது போலவே ‘கேம் 3’ சுற்றின் கடைசிப் பகுதியில் பிரிந்து, முடிவில் சேர்கிறது. கேம் சக்கரத்தைப் பார்த்தால், தொடக்கப் பள்ளத்தில் விழ வேண்டிய உருளி அதற்கு ஒரு விரற்கடை முன்னால் மேட்டில் நின்றுகொண்டிருந்தது. கியர் பெட்டியில் இருந்தது கிரீஸ் என்று சொன்னால் நம்ப முடியாது; ஸ்குரூடிரைவரால் சுரண்டியபோது சிலாம்பு சிலாம்பாக வந்தது. கழுவிப் பூட்டி, 96 வோல்ட் கொடுத்தவுடன், நான் எதையும் தொடாமலே மோட்டார் அந்த ஒரு விரற்கடையைச் சுற்றி முடித்துத் தானாக நின்றது. முனகலும் நின்றது. கேம் 3 சேர்ந்திருந்தது. மோட்டார் காயில் கருகவில்லை, அதன் மேல் காகிதம் மட்டும் பழுத்திருக்கிறது.

வாள்மீன் காசைப் போட்டேன். ஒரே ஒரு ‘டிக்’. கைப்பிடி இறங்கியது, மூன்று சக்கரங்களும் சுழன்றன. முதல் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மூன்றாவது மட்டும் தன் போக்கில் சுற்றித் தானாக ஓய்ந்தது. அதன் நிறுத்து நெம்புகோலும் பிசின் பிடித்திருக்கிறதா, அல்லது அது மின்சாரக் கோளாறா என்று தெரியவில்லை. இம்முறை குறடை எடுக்கவில்லை. இரண்டாவது நகலையும் சிவப்புப் பென்சிலையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

பழைய சிக்னல், மயிலாடுதுறை

நல்லது. மூன்றாவது சக்கரத்துக்குப் பென்சிலுக்கு முன் விரலை வையுங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு நெம்புகோலைக் கையால் தூக்கி விடுங்கள். மற்ற இரண்டைப் போலச் சட்டென்று விழுந்தால் டயகிராமுக்குப் போங்கள், தயங்கித் தயங்கி விழுந்தால் மண்ணெண்ணெய்க்குப் போங்கள்.

ஒரு வார்த்தை. ஓடத் தொடங்கிய பிறகு கல்யாண மண்டபம், கண்காட்சி என்று யாராவது கேட்பார்கள். வீட்டுக் கூடத்தில் உங்கள் பிஸ்கட் டின் காசோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிறரிடம் காசு வாங்கி ஆடவிட்டால் 1930-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறது.

அரசலாற்றங்கரை, கும்பகோணம்

தயங்கித் தயங்கித்தான் விழுகிறது ஐயா. மண்ணெண்ணெய் வாங்கப் போகிறேன்.